படத்தில் பின்னால் போகிறவள்

காயல்பட்டினம்
22 ஏப்ரல் 2024

மதிப்புக்குரிய அஃபீஃபா லாத்தா அவர்களுக்கு முத்து பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உங்கள் தம்பியும் அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம். துபாயில் மகன் நௌஃபலும் சுகம். உங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்ததாக உங்கள் தம்பி சந்தோஷப்பட்டுக்கொண்டார். உங்கள் உடல்நலம் அறிய ஆவல்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனை அணைத்துவிட்டேன். இனி அதைத் தொடுவதாக இல்லை.

பெருநாள் கழித்து ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கம், சாப்பாட்டு நேரம். எதிரில் இருந்த பிள்ளைகள் ஒரு போனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தன. அவற்றின் தாய் சத்தமாகவே கேட்டாள்: "ஏளா முத்து, ஒன் மாப்புள நடக்குறத பெங்களூருல பாடமா நடத்துறாஹளாமே! நீயும் பின்னால வாரியாம், தலையில ஒண்ணும் போடாம. எங்களுக்கு ஒரு வார்த்த சொன்னியா?" சகன் தட்டைச் சுற்றிச் சேர்ந்து சாப்பிட்ட அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் வீட்டில் நீங்கள் எடுத்த வீடியோப் படம் அது. உங்கள் தம்பி கூடத்திலிருந்து நடந்து வருகிறார். நிலைப்படியில் கால் ஒட்டிக்கொள்கிறது. அவர் முகத்தில் கறுப்புப் பட்டை போட்டிருக்கிறீர்கள். பின்னால் நான் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். என் முகத்தில் ஒன்றும் இல்லை. தலையிலும் ஒன்றும் இல்லை. இப்போது துபாய், ஜித்தா, ஹாங்காங் என்று நம் ஊர் ஆண்கள் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

இந்த ஊரில் பெண்கள் ஆண்கள் கண்ணில் படாமல் போய்வர வீட்டுக்கு வீடு முடுக்கு விட்டுத்தான் கட்டுகிறார்கள் என்பதை, இங்கே பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதை எடுத்துவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

துஆவுடன்,
முத்து பீவி

*

பெங்களூரு
3 மே 2024

அன்புள்ள முத்து,

நலம். நீயும் இல்யாஸும் நலமென அறிந்து மகிழ்ச்சி. வெயில் அங்கே கடுமையாக இருக்கும். இல்யாஸ் தண்ணீர் குறைவாகக் குடித்தால் மாத்திரை சரியாக வேலை செய்யாது. கவனித்துக்கொள்.

அந்தப் படம் டாக்டர்களுக்கான வகுப்பில் காட்டியது. எங்கள் மூளை ஆய்வு நிலையம் வகுப்புகளை இணையத்தில் ஏற்றுவது வழக்கம். இல்யாஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நோயாளியின் முகத்தை மறைக்க வேண்டும் என்பது விதி, மறைத்திருக்கிறோம். நம் ஊர் மருத்துவ மாணவன் ஒருவன் உன் கூடத்தை அடையாளம் கண்டு பகிர்வான் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. எடுப்பது பற்றி நிலையத்தில் பேசுகிறேன். உறுதி சொல்ல முடியாது.

எழுத நேர்ந்ததால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நேரில் சொல்ல நினைத்திருந்தது.

நடுமூளையில் கறுப்பாக ஒரு சிறிய பட்டை இருக்கிறது. டோபமைன் சுரக்கும் செல்கள் அங்கேதான். இல்யாஸுக்கு வந்திருக்கும் இந்த நடுக்குவாத நோயில் அவை சாகின்றன. சாகும்போது உள்ளே ஒரு புரதம் கட்டிகட்டியாகச் சேரும் என்பது பாடப்புத்தகம். நம் குடும்பத்தில் ஓடும் மரபணுக் கோளாறில் அந்தக் கட்டி இல்லாமலேயே செல்கள் சாகின்றன என்று நான் சொல்கிறேன். சுண்டெலிகளில் காட்டியிருக்கிறேன். எலியை வைத்து மனிதனைச் சொல்லாதே என்கிறார்கள் மற்றவர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பதில் இந்தக் கோளாறு உள்ள ஒரு மனிதனின் மூளையில் மட்டும் இருக்கிறது.

இல்யாஸின் காலத்துக்குப் பிறகு அவன் மூளையை எங்கள் நிலையத்துக்குத் தர வேண்டும். அவனிடம் முன்பே பேசியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அப்போது மனைவியின் சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது. யோசித்துச் சொல். அவசரமில்லை.

அன்புடன்,
அஃபீஃபா

*

காயல்பட்டினம்
20 மே 2024

லாத்தா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தில் ஸலாம் இல்லை. மறந்திருப்பீர்கள்.

இங்கே சுகம். உங்கள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் மானத்துக்கு நாலு வரி, உங்கள் எலிக்கு ஒரு பக்கம்.

விதிப்படி நோயாளியின் முகத்தை மறைத்தீர்கள். சரி. பின்னால் போகிறவள் யார் என்று உங்கள் விதிக்குத் தெரியவில்லை, உங்களுக்குமா தெரியவில்லை? வெட்டி ஒட்டும்போது அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! ஒரு தடவைகூட நான் உங்கள் கண்ணில் படவில்லை.

இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் இரத்தத்தை எடுத்தீர்கள். தொடையில் தோலை வெட்டினீர்கள். நடையை எடுத்தீர்கள், பேச்சைப் பதிந்தீர்கள். வருகிறபோதெல்லாம் உங்களுக்குப் பிடித்த கறிக்கஞ்சி காய்ச்சி வைத்து, ஊசி போட வெளிச்சமான இடமும் ஒதுக்கிக் கொடுத்தது நான்தான். இப்போது மண்டையைத் திறக்க என்னிடம் கேட்கிறீர்கள்.

கேட்டதால் சொல்கிறேன். இல்லை. மய்யித்தைக் கீற விட மாட்டேன். அவரை அல்லாஹ் எப்படித் தந்தானோ அப்படியே மண்ணில் வைப்போம்.

படத்தை எடுத்தீர்களா?

முத்து பீவி

*

பெங்களூரு
8 ஜூன் 2024

அன்புள்ள முத்து,

நலம், நலமறிய ஆவல்.

படத்தில் உன் உருவத்தை மங்கலாக்கச் சொன்னேன், செய்துவிட்டார்கள். ஏற்கெனவே கைமாறிப் போன பிரதிகளை யாராலும் திரும்பப் பெற முடியாது. என்னால் ஆனது இது.

மார்க்கம் பற்றி எழுதியிருந்தாய். நான் விசாரிக்காமல் கேட்கவில்லை. பெரிய மதரஸா ஒன்றின் ஆலிமிடம் கேட்டேன். வருங்காலத்தில் உயிர்களைக் காக்கும் படிப்புக்கு என்றால் இடமுண்டு என்று எழுத்தில் தந்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு ஆலிம்கள் வேறு சொல்லலாம். ஆனால் 'முடியவே முடியாது' என்பது உன் முடிவு. அதை மார்க்கத்தின் மேல் போடாதே.

நௌஃபலை நினைத்துப் பார். இந்த மரபணுவை அவனும் சுமக்கக்கூடும். அவன் பிள்ளைகளுக்கு மருந்து வர வேண்டுமென்றால் நோய் எங்கே தொடங்குகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்வது அந்த ஒரு வேலைதான்.

இல்யாஸிடமே கேள். முடிவு அவன் தலையைப் பற்றியது.

அஃபீஃபா

*

காயல்பட்டினம்
ஜூலை

லாத்தா,

ஸலாம். நான்தான், இல்யாஸ். என் எழுத்து எறும்புச் சாரை மாதிரிப் போகும். வரிக்கு வரி இன்னும் சிறுக்கும். பூதக்கண்ணாடி உன் மேஜையில் இருக்கும்தானே. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மட்டும் எழுதுகிறேன், அதனால் இது முடிய நாளாகும்.

உன் கடிதங்களை முத்து எனக்குப் படித்துக் காட்டுகிறாள். ஒரு வரி விடாமல். உன் குரலில் படிக்கிறாள், மூக்கை உயர்த்திக்கொண்டு. நீ பார்க்க வேண்டும்.

படத்தை நானும் பார்த்தேன். அந்தக் கறுப்புப் பட்டையோடு நகைக்கடையில் திருடிப் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறேன். சிரித்தேன். முத்து சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கலியாணம், மவுத்து எதற்கும் போகவில்லை. முடுக்கில்கூட நடப்பதில்லை. நான் முடங்கினது போதாதென்று அவளும்.

இங்கே சுகம் என்று அவள் எழுதியிருப்பாள். கஞ்சி தொண்டையில் நிற்கிறது. தண்ணீர் போக வேண்டிய வழியில் போகாமல் நெஞ்சுக்குப் போகிறது. தூத்துக்குடி டாக்டர் மூக்கில் குழாய் வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

என் மூளையில் டோபமைன் இல்லை. உன் மூளையில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. நம்மைப் பெற்ற உம்மா பாவம்.

எடுத்துக்கொள், லாத்தா. எனக்கு மறுப்பில்லை. மறுமையில் கேட்டால், பெங்களூரில் இருக்கிறது, அக்காள் பார்த்துவிட்டுத் தருவாள் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முத்து சரி என்றால் மட்டும். ராவும் பகலும் இந்தத் தலையைத் தலையணையிலிருந்து தூக்கி வைக்கிறவள் அவள். அவளைத் தாண்டி யாரும் இதைத் தொடக்கூடாது, நீயும்தான்.

அவளிடம் மன்னிப்புக் கேள். விளக்கம் வேண்டாம். விதி, நிலையம், ஆலிம் எதுவும் வேண்டாம். நீ கேட்க மாட்டாய். சின்ன வயசில் என் பட்டத்தைக் கிழித்துவிட்டு, காற்று எப்படி வீசும் என்று எனக்குப் பாடம் நடத்தினவள் நீ.

கை நின்றுவிட்டது

இல்யாஸ்

*

பெங்களூரு
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள முத்து,

நலமாக இருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தாய். இல்யாஸ் எழுதிய பிறகுதான் அவனால் விழுங்க முடியவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. இதை மறைத்தது சரியல்ல. நான் அவன் அக்காள் மட்டுமல்ல; இந்த நோயை உங்கள் டாக்டரைவிட அதிகம் பார்த்தவள். விழுங்குவது போய்விட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு யோசனை சொல்கிறேன். அங்கே ஊரில் என் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து, ஒரு நர்ஸை வைத்து, இல்யாஸை அங்கே மாற்றலாம். நான் விடுப்பு எடுத்து வந்து இருக்கிறேன். உனக்கும் ஓய்வு. கடைசி நேர முடிவுகளை எடுக்கவும் அது வசதி.

என் சக ஆய்வாளர் டாக்டர் ஐஸ்வர்யா அடுத்த வாரம் தூத்துக்குடி வருகிறார். அவனைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். மரியாதையாக நடத்து.

அஃபீஃபா

*

காயல்பட்டினம்
2 செப்டம்பர் 2024

அஃபீஃபா லாத்தாவுக்கு, ஸலாம்.

உங்கள் டாக்டர் அம்மா வந்தார்கள். நல்ல பிள்ளை. பாலும் வட்டலப்பமும் கொடுத்தேன். இல்யாஸின் நாடி பிடித்துப் பார்த்தார்கள். பிறகு கரண்டு எவ்வளவு நேரம் நிற்கும், பக்கத்தில் ஐஸ் கிடைக்குமா, வாகைகுளம் விமான நிலையத்துக்குக் கார் எந்த வழியாகப் போனால் சீக்கிரம் என்றெல்லாம் கேட்டார்கள். டிரைவர் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அளவு சரியாக இருக்குமா என்று பார்க்கத்தானாம்.

எதிர்வீட்டுக்காரி முடுக்குக் கதவில் எட்டிப் பார்த்து, "ஏளா, நெய்மீனா? எங்களுக்கும் ரெண்டு துண்டு எடுத்து வைய்யி" என்றாள்.

உங்கள் தம்பி கட்டிலில் இருந்தபடியே பெட்டியைப் பார்த்தார். அவர் குரல் இப்போது காதை வைத்தால்தான் கேட்கும். "இது காணாது. என் தல பெரிசு" என்றார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வெளியே போய்விட்டது. அவர் சிரித்தார், சிரித்ததில் புரையேறி நீலம் பாரித்து, நான் முதுகைத் தட்டித் தட்டித்தான் மூச்சு வந்தது. இதையும் எழுதி வையுங்கள், உங்களுக்குப் பயன்படும்.

உங்கள் வீட்டுக்கு அவரை அனுப்ப வேண்டுமாம். இந்த ஊரில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பொண்டாட்டி வீட்டில் இருப்பான், அங்கிருந்துதான் மையவாடிக்குப் போவான். உயிரோடு அந்த வீட்டைவிட்டு வெளியேறினால் அது தலாக்கு. அது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினீர்கள். என் உம்மா எனக்குத் தந்த வீடு இது. என் நிலைப்படியில் அவர் கால் எத்தனை தடவை ஒட்டினாலும், கையைப் பிடித்து இந்தப் பக்கம் இறக்குவது நான்.

நீங்கள் விடுப்பு எடுத்து எதற்காக வந்து காத்திருக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

முத்து பீவி

*

பெங்களூரு
30 செப்டம்பர் 2024

முத்து,

ஐஸ்வர்யா பெட்டியை உள்ளே கொண்டுவரச் செய்தது தவறு. அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் நீ எழுதுவதில் ஒன்றை மட்டும் எழுதாமல் விடுகிறாய். இல்யாஸ் சம்மதித்துவிட்டான். என்னிடம் அவன் கையால் எழுதிய கடிதம் இருக்கிறது. உன்னிடமும் சொல்லியிருப்பான். அவன் விருப்பத்துக்கும் இந்த நோய் வரப்போகிற பிள்ளைகளுக்கும் நடுவில் நீ மட்டும் நிற்கிறாய், ஒரு கலியாண வீட்டில் நாலு பேர் சிரித்ததற்காக. அவன் மூளை உன் உம்மா உனக்குத் தந்த வீடு அல்ல.

அடுத்த வருஷம் இந்த ஆய்வுக்கு நிதி தொடருமா என்று முடிவு செய்ய ஒரு குழு கூடுகிறது. மூளை இல்லாமல் நான் அவர்கள் முன்னால் போனால் என் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். இதை உன்னிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் எதற்காகக் கேட்கிறேன் என்பதில் உனக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

அவன் எப்படி இருக்கிறான்? உண்மையை எழுது.

அஃபீஃபா

*

பெங்களூரு
11 நவம்பர் 2024

அன்புள்ள முத்துவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுத மாட்டாய் என்று எதிர்பார்த்தேன். இருந்தாலும் தபால் வரும் நேரத்தில் அறையைவிட்டு வெளியே வந்து நின்றேன்.

போன வாரம் புது மாணவர்களுக்கு வகுப்பு. அந்தப் படத்தைப் போட்டேன், மங்கலாக்காத பழைய பிரதி. கணினியில் அதுதான் இருந்தது. நான் எப்போதும் கால்களைத்தான் பார்ப்பேன். அன்று உன்னைப் பார்த்தேன். துணியோடு போகிறவள் நின்று, அவன் நிலைப்படியைத் தாண்டிவிட்டானா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாய். வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டேன். படத்தை நிலையத்தின் தளத்திலிருந்து முழுவதுமாக எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள்.

மன்னித்துவிடு.

மூளையைப் பற்றி இனி எழுத மாட்டேன். நிதிக்குழுவுக்கும் மூளை கிடைக்காது என்று எழுதிவிட்டேன். இம்மாதம் 25ஆம் தேதி இல்யாஸைப் பார்க்க வருகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். ஒரு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார விடு, போதும்.

அவன் சுகத்தை எழுது. மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் விழுங்குவது கொஞ்சம் சுலபம். இரவில் தலைமாட்டை உயர்த்தி வை. நீ அதையெல்லாம் செய்துகொண்டுதான் இருப்பாய்.

அஃபீஃபா

*

காயல்பட்டினம்
16 நவம்பர் 2024

லாத்தாவுக்கு முத்து பீவி எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இல்யாஸின் சுகம் விசாரித்திருக்கிறீர்கள். இம்மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை, சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பின் அடக்கிவிட்டோம்.

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். தூத்துக்குடியில் சேர்த்தோம். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள், கொண்டுவந்தோம். நௌஃபல் வந்து சேர்ந்து முகம் பார்த்தான். "மாமிக்கு போன் பண்ணட்டுமா உம்மா" என்று கேட்டான். "நான் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லவில்லை. ஊர்க் குழுவில் போட்டார்கள். அந்தக் குழுவிலிருந்து நீங்கள் சித்திரை மாசமே விலகிவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

கடைசி இரண்டு நாளும் அவருக்குக் குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. "லாத்தா" என்றார். "வாராஹ, வந்துட்டே இருக்காஹ" என்றேன். கண்ணைக் கதவுப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், மறுபடியும் அதையே சொன்னேன். அந்தப் பொய்க்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் இல்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்ட வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது ஆறாம் தேதிக்கு முன்னால் வந்திருந்தால் உங்களைக் கூப்பிட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். நீங்கள் அழுதுகொண்டு முன்னால் வந்திருப்பீர்கள். பெட்டி பின்னால் வேறு காரில் வந்திருக்கும். இப்போது மூளை வேண்டாம் என்று நீங்கள் எழுதுவதை நம்ப எனக்கு விருப்பம்தான். பதினோரு வருஷம் உங்களைப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை.

25ஆம் தேதி வர வேண்டாம். நான் இத்தாவில், துக்கத் தனிமையில் இருக்கிறேன். கபுரைப் பார்க்க வேண்டுமானால் நௌஃபலிடம் இடம் கேட்டு எழுதுங்கள், சொல்வான்.

கணவனின் மய்யித்தை மனைவி கழுவலாமா என்று ஆலிமிடம் கேட்டனுப்பினேன். எங்கள் பள்ளி ஆலிம்தான், எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. கழுவலாம் என்றார். உடம்பை என் தம்பி ஜக்கரிய்யா கழுவினான். தலையை நான் கழுவினேன். நெற்றி, காது மடல், பின்னந்தலை. சந்தனமும் கற்பூரமும் போட்டு, முடியை விரலால் பிரித்துப் பிரித்துக் கழுவினேன். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

உடல்நலம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்து பீவி